பருப்பு வேகாத தண்ணீர்

எங்கள் ஊரில் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பார்க்க யாரும் ஆய்வகத்துக்குப் போனதில்லை. பருப்பைப் போட்டுப் பார்ப்பார்கள். நான் பிறந்தது ராமநாதபுரம் பக்கம். தெருவுக்கு இரண்டு கிணறு. ஒன்று நல்ல தண்ணிக் கிணறு, இன்னொன்று உப்புத் தண்ணிக் கிணறு. குளிக்க, துவைக்க, மாட்டுக்குக் காட்ட எல்லாம் உப்புத் தண்ணி. உலை வைக்க மட்டும் நல்ல தண்ணி. அதற்கு விடியற்காலையில் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். "அந்தத் தண்ணியில பருப்பு வேகாதுடி" என்பாள் அம்மா. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவுக்கு வந்து எட்டு மாதம் கழித்துத்தான் அந்த வரி எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் ஒரு கெட்டிலும், ஒரு அயர்ன் பாக்ஸும், ஒரு பட்டுப்புடவையும் போய்விட்டன. கீசரும் பாதி போயிருந்தது.

கல்யாணமாகி வந்ததிலிருந்து பதினோரு வருடம் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருந்தோம். அங்கே குழாயில் வருவது உம்கேனி ஆற்று அணைகளின் தண்ணீர். மென்மையான தண்ணீர். கையில் சோப்பை ஒரு சுற்றுச் சுற்றினாலே நுரை பொங்கும். கெட்டிலை வாங்கிய நாளில் உள்ளே எப்படிப் பளபளத்ததோ, நாலு வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். தண்ணீர் என்று ஒன்று இருப்பதையே யோசிக்காமல் வாழ்ந்த காலம் அது.

2019இல் கணவருக்கு வேலை பிரிட்டோரியாவுக்கு மாறியது. லாடியத்தில் வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் தோட்டத்தில் போர் போட்டு, ஜோஜோ என்ற கம்பெனியின் பச்சை நிற பிளாஸ்டிக் தொட்டியில் ஏற்றி, பம்பு வைத்து வீட்டின் எல்லாக் குழாய்களுக்கும் இணைத்து வைத்திருந்தார். நகராட்சித் தண்ணீர் நின்றுபோகும் நாட்களில் தெருவே வாளியோடு அலையும்போது எங்கள் வீட்டில் மட்டும் குழாய் கொட்டும். பெரிய கொடுப்பினை என்று நினைத்தோம். இன்றைக்கும் அது கொடுப்பினைதான். ஆனால் அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

முதலில் சொன்னது பருப்புதான். டர்பனில் நாலு விசிலில் குழைந்த அதே துவரம்பருப்பு, அதே குக்கர், இங்கே எட்டு விசிலுக்குப் பிறகும் கரண்டியில் ஒவ்வொன்றாக உருண்டது. பழைய பருப்பு என்று கடையை மாற்றினேன். பிறகு கணவர் ஒரு காரணம் சொன்னார். டர்பன் கடல்மட்டத்தில் இருக்கிறது, பிரிட்டோரியா கிட்டத்தட்ட 1,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 95, 96இலேயே கொதித்துவிடும். அதனால் வேகத் தாமதமாகிறது என்றார். அது உண்மைதான். குக்கருக்குள்ளும் அந்த வித்தியாசம் ஓரளவு தொடரும். அதையே முழுக் காரணமாக நம்பி எட்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

அம்மா சொன்னது ஞாபகம் வந்த அன்று ஒரு சோதனை செய்தேன். கடையில் லேபிளைப் பார்த்து, கால்சியம் குறைவாக இருந்த ஒரு 5 லிட்டர் குடிநீர் கேன் வாங்கினேன். ஒரே பருப்பு, இரண்டு கிண்ணம், ஒரே குக்கரில் ஒன்றாக வைத்தேன். ஒரு கிண்ணத்தில் கேன் தண்ணீர், மற்றதில் குழாய்த் தண்ணீர். ஐந்து விசில். கேன் தண்ணீர்ப் பருப்பு விரலால் தொட்டதும் மசிந்தது. குழாய்த் தண்ணீர்ப் பருப்பு முழுசாகக் கிடந்தது. இரண்டு கிண்ணமும் ஒரே உயரத்தில், ஒரே குக்கரில் வெந்தவை. ஆக, மலை மேல் பழி போட இனி வழியில்லை.

இதற்குக் காரணம் பருப்பின் செல் சுவரில் இருக்கும் பெக்டின். காய், பருப்பு, பழம் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருக்கும் பசை போன்ற பொருள் அது. வேகும்போது அது கரைந்தால்தான் பருப்பு குழையும். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருந்தால் அவை பெக்டினோடு சேர்ந்து அதை இன்னும் கெட்டியாக்கிவிடுகின்றன. புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பு வேகாது என்று நமக்குத் தெரியும். அங்கே புளிப்பு செய்யும் வேலையை இங்கே கால்சியம் செய்கிறது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் இதை "உப்புத் தண்ணி" என்கிறோம். அந்தச் சொல்லால்தான் பலரும் தப்பான வழியில் போகிறார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீரை வாயில் ஊற்றினால் உப்பே கரிக்காது; குளிர்ந்து, இனிப்பாகக்கூட இருக்கும். கடலோரக் கிணற்றில் இருப்பது பெரும்பாலும் சாப்பாட்டு உப்பு. இங்கே இருப்பது கரைந்த சுண்ணாம்பு. பாடப்புத்தகத்தில் கடினநீர் என்று படித்தோமே, அது. சாப்பாட்டு உப்பு கெட்டிலில் கொதிக்கும்போது தண்ணீரிலேயே இருக்கும். சுண்ணாம்பு அப்படியில்லை. சூடு ஏறினால் அது கரைந்திருக்க முடியாமல் கல்லாக வெளியே வந்துவிடும். சர்க்கரை வெந்நீரில் அதிகம் கரையும், சுண்ணாம்பு அதற்கு நேர் எதிர். இந்த ஒரு விஷயம் புரிந்தால் வீட்டில் எது கெடும், எது கெடாது என்று நாமே சொல்லிவிடலாம். தண்ணீர் எங்கே சூடாகிறதோ, எங்கே காய்ந்து வற்றுகிறதோ அங்கேதான் சேதம். தோட்டக் குழாய்க்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை.

கெட்டிலில் மூன்றாவது வாரமே வெள்ளைப் பொருக்கு படிந்தது. டீயின் மேல் எண்ணெய் விட்டதுபோல ஒரு படலம் மிதக்கும். கோப்பையைச் சாய்த்தால் அது துண்டு துண்டாக உடையும். பால் கெட்டுவிட்டதோ என்று இரண்டு தடவை பாலைக் கொட்டினேன். பொருக்கைச் சுரண்டி எடுக்க இரும்பு நார் போட்டுத் தேய்த்தேன். அது நான் செய்த பெரிய தப்பு. தேய்த்த கீறல்களில் அடுத்த பொருக்கு இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. ஏழாவது மாதம் கெட்டில் கொதிப்பதற்கு முன்பே தானாக அணைய ஆரம்பித்தது. அடியில் படிந்த சுண்ணாம்பு சூட்டைத் தண்ணீருக்குப் போக விடாமல் தடுக்க, அடித்தகடு மட்டும் அதிகமாகச் சூடாகி, பாதுகாப்பு சுவிட்ச் அணைத்துவிட்டது.

அயர்ன் பாக்ஸ் கதை இன்னும் வருத்தம். ஆடி மாதம், மராபாஸ்டாட் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். அம்மா கொடுத்த அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து விரித்து, முந்தானை மேல் மெல்லிய துணி போட்டுத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். உடல் பகுதிக்கு வந்ததும் துணி கொஞ்சம் விலகிவிட்டது. நீராவிப் பொத்தானை அழுத்தினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். நீராவியோடு சுண்ணாம்புப் பாலும் சேர்ந்து வந்தது. வெள்ளையும் பழுப்புமாக, உள்ளங்கை அளவு. துடைக்கத் துடைக்கப் பரவியது. காய்ந்த பிறகு பட்டின் மேல் சாம்பல் தடவியதுபோல இருந்தது. உலர் சலவைக்குக் கொடுத்தும் அந்த இடத்தில் பளபளப்பு திரும்பவில்லை. அந்தப் புடவையை இப்போது மடிப்பை மாற்றிக் கட்டிக்கொள்கிறேன்.

கீசரைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். பணம் அதிகம் போவதும், ஆபத்து இருப்பதும் அங்கேதான். இந்த நாட்டில் பெரும்பாலான வீடுகளில் கீசர் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே படுத்திருக்கும். 150 லிட்டர் தொட்டி, உள்ளே ஒரு மின் எலிமென்ட். கண்ணில் படாத பொருள் என்பதால் யாரும் அதை நினைப்பதே இல்லை. எங்களுக்கு முதல் அறிகுறி சத்தம். இரவில் படுத்தால் தலைக்கு மேலே சட்டியில் கூழாங்கல்லைப் போட்டுக் கொதிக்க வைத்ததுபோலக் கடகடவென்று கேட்கும். எலிமென்ட் மேலிருக்கும் பொருக்குக்கு அடியில் தண்ணீர் மாட்டிக்கொண்டு கொதித்து, ஆவியாகி வெடிக்கும் சத்தம் அது. அடுத்த அறிகுறி மின்சாரம். நாங்கள் முன்கூட்டிப் பணம் கட்டி யூனிட் ஏற்றும் மீட்டர் வைத்திருந்தோம். மாதக் கடைசி வரை வந்த யூனிட் இருபதாம் தேதியே தீர்ந்தது. மூன்றாவது, வெளிச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கீசர் குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நான் அதன் கீழே ஒரு தொட்டிச்செடியை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அந்தச் சொட்டைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு குளிர்கால அதிகாலையில் வீடு முழுவதும் மின்சாரம் போனது. மெயின் பெட்டியில், மின்கசிவு வந்தால் தானாக அணையும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்திருந்தது. மேலே தூக்கினால் உடனே விழும். கீசர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுத் தூக்கினால் நின்றது. பிளம்பர் வந்தார், மமெலோடியைச் சேர்ந்த பொறுமையான மனிதர். மின்சாரத்தைத் துண்டித்து, தொட்டியை வடித்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி எலிமென்டை வெளியே இழுத்தார். இழுக்க வரவில்லை. ஆட்டி ஆட்டி எடுத்தார். சுண்டுவிரல் கனம் இருக்க வேண்டிய கம்பி, பவளப்பாறைத் துண்டு மாதிரி என் மணிக்கட்டுக் கனம் இருந்தது. ஓரிடத்தில் பொருக்கு வெடித்து, உள்ளே உலோக உறையும் பிளந்திருந்தது. பிறகு தொட்டிக்குள் கையை விட்டு வெள்ளைச் சில்லுகளை அள்ளி அள்ளிப் போட்டார். ஒரு வாளியில் பாதி நிறைந்தது.

சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டினேன். அது பிரஷர் வால்வின் குழாய் என்றார். கீசரில் வெப்பமோ அழுத்தமோ எல்லை மீறினால் திறந்துகொண்டு வெளியேற்ற வேண்டியது அந்த வால்வு. அதன் வாயில் சுண்ணாம்பு படிந்தால் சரியாக மூடாமல் சொட்டும். இன்னும் படிந்தால் ஒட்டிக்கொண்டு, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் அதே நேரத்தில் பழுதானால் கீசர் வெடிக்கும். எலிமென்டை மாற்றுவதற்கு முன்பு அவர் அந்த வால்வைத்தான் மாற்றினார். உங்கள் வீட்டிலும் அந்தக் குழாய் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தால் வாளி வைத்துச் சமாளிக்காதீர்கள். பிஐஆர்பி என்ற பிளம்பர் பதிவு வாரியத்தில் பதிவு உள்ள பிளம்பரைக் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். காப்பீடு கேட்கும்போது அந்தக் காகிதம் வேண்டியிருக்கும். எங்கள் காப்பீட்டில் எலிமென்டுக்கு ஒரு காசு வரவில்லை. படிவினால் கெட்டது தேய்மானத்தில் சேரும் என்று எழுதி அனுப்பினார்கள்.

அன்றைக்கு அந்த வாளி முற்றத்திலேயே இருந்தது. பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு வந்தார். மராபாஸ்டாட்டில் பிறந்து, அங்கிருந்த இந்தியக் குடும்பங்களை 1960களில் இங்கே மாற்றியபோது சின்னப் பிள்ளையாக லாடியத்துக்கு வந்தவர். வீட்டில் கேட்டுப் பழகிய பழைய தமிழ் பேசுவார். ஒரு சில்லை எடுத்து, சிமென்ட் படியில் இழுத்தார். வெள்ளைக் கோடு விழுந்தது. "இது கோலக்கல்லு கண்ணு" என்றார். என் மகள் உடனே இன்னொரு சில்லை எடுத்துப் புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டாள். ஆயா சொன்னது சரிதான். கோலத்துக்குப் பொடிக்கும் வெள்ளைக் கல்லில் ஒரு வகை இதே கால்சியம் கார்பனேட்டுதான்.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சென்சூரியன், லாடியம் பக்கமெல்லாம் நிலத்துக்கு அடியில் டோலமைட் பாறை இருக்கிறது. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் பாறை அது. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவை வாங்கி லேசான அமிலமாகிறது. அந்தத் தண்ணீர் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பாறைக்குள் பெரிய குகைகள் உண்டாகின்றன, சில இடங்களில் தரையே உள்வாங்குகிறது. சென்சூரியனில் சாலை திடீரென்று பள்ளமானது என்று செய்தி வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். 1962 டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க்குக்கு மேற்கே வெஸ்ட் டிரீஃபோன்டைன் தங்கச் சுரங்கத்தில் இப்படி ஒரு பள்ளம் திறந்து, கல் உடைக்கும் ஆலையை விழுங்கியது. 29 பேர் இறந்தார்கள். பிரிட்டோரியா நகரத்துக்கு ஆரம்பத்திலிருந்தே தண்ணீர் தந்த ஃபவுன்டன்ஸ் பள்ளத்தாக்கு ஊற்றுகளும் இந்த டோலமைட்டிலிருந்து வருபவைதான். கரைந்த பாறையைத்தான் நாங்கள் போர் வழியாக மேலே ஏற்றி, கீசரில் சூடாக்கி, மறுபடி பாறையாக்கிக்கொண்டிருந்தோம்.

சரி, எவ்வளவு கரைந்திருக்கிறது? இதை அளக்காமல் எந்தக் கருவியும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்தோம். அறிக்கையில் கடினத்தன்மை என்று தனியாகப் போடவில்லை. கால்சியம் லிட்டருக்கு 56 மி.கி., மக்னீசியம் 32 மி.கி. என்று மட்டும் இருந்தது. அதை வைத்தே கணக்கிடலாம். கால்சியத்தை 2.5ஆலும் மக்னீசியத்தை 4.1ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். 140ம் 131ம் சேர்ந்து லிட்டருக்கு 271 மி.கி. கடினத்தன்மை வருகிறது. 60 வரை மென்மை, 120 வரை நடுத்தரம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆய்வகம் வேண்டாமென்றால் மீன்தொட்டிக் கடையில் சோதனைத் தாள் கிடைக்கும். நனைத்து எடுத்தால் நிறம் மாறும். துல்லியம் குறைவு, ஆனால் போதும். அதே தாளை ஆயா வீட்டு நகராட்சிக் குழாயில் நனைத்தபோது 100க்குக் கொஞ்சம் கீழே காட்டியது. பிரிட்டோரியாவின் நகராட்சித் தண்ணீரில் பெரும்பகுதி ராண்ட் வாட்டர் என்ற குடிநீர் நிறுவனம் வழியாக வால் அணையிலிருந்து வருகிறது. மீதி ஊற்று, போர், ரீட்ஃப்ளே அணை. எந்தத் தெருவுக்கு எது வருகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் நண்பர் வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேட்டு அதையே செய்யாதீர்கள். உங்கள் குழாயை நீங்களே அளந்து பாருங்கள்.

271 என்றால் ஒரு நாளைக்கு 150 லிட்டர் வெந்நீர் செலவாகும் வீட்டில் கீசருக்குள் போகிற சுண்ணாம்பு சுமார் 40 கிராம். எல்லாமே படிவதில்லை, ஒரு பங்குதான் படியும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைச் சூடு தீர்மானிக்கிறது. எங்கள் தெர்மோஸ்டாட் 70இல் இருந்தது. பிளம்பர் 60க்கு இறக்கி வைத்தார். இதனால் படிவும் குறைகிறது, மின்சாரமும் குறைகிறது. 60க்குக் கீழே இறக்கக் கூடாது என்றும் சொன்னார். வெதுவெதுப்பான தொட்டியில் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் காய்ச்சல் கிருமி வளரும்.

இதற்குப் பிறகு நான் ஒரு தடவை ஏமாந்தேன். குழாயைச் சுற்றிக் கட்டும் காந்தக் கருவியை ஒரு கம்பெனிக்காரர் வந்து விற்றார். உப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், சுண்ணாம்பின் வடிவத்தையே மாற்றிவிடும் என்றார். நல்ல விலை. கட்டிய பிறகு நாலு மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும் கெட்டிலின் அடியைப் படம் எடுத்து வைத்தேன். எந்த மாற்றமும் இல்லை. சோதனைத் தாளிலும் அதே நிறம். தண்ணீரிலிருந்து கால்சியத்தை வெளியே எடுக்காத எதுவும் கடினத்தன்மையைக் குறைக்காது. இந்தக் கருவிகள் வேலை செய்வதாக உறுதியான ஆதாரத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. அந்தப் பணத்தில் பத்து வருடத்துக்குச் சிட்ரிக் அமிலம் வாங்கியிருக்கலாம்.

சிட்ரிக் அமிலம்தான் என் வீட்டின் முக்கியமான மருந்து. நம்மூரில் எலுமிச்சை உப்பு என்று விற்பார்களே, அந்தப் பொடி. கெட்டிலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி. கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகம் சூடாக்கி அணைத்துவிட்டு அரைமணி நேரம் விட வேண்டும். கொதிக்க வைக்காதீர்கள். அதிகச் சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு வெள்ளைப் படிவு உண்டாகி, அது இன்னும் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும். கரையும்போது நுரை வரும்; பாறைக்குள் போன கரியமில வாயு வெளியே வருகிறது. கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரை ஒரு தடவை கொதிக்க வைத்து அதையும் கொட்டினால் போதும். வெள்ளை வினிகரும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் இதே வேலையைச் செய்யும், வாசனைதான் வீட்டைச் சுற்றும். ஆயா புளியைப் போடச் சொன்னார். பித்தளைச் சொம்பு தேய்க்கும் அதே புளி. போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் கரைந்தது, ஆனால் புளியின் டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத ஒரு மங்கலான படலத்தை விட்டுவிடுகிறது. புளி பித்தளைக்கே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. வினிகரோ சிட்ரிக் அமிலமோ ஊற்றிய இடத்தில் ப்ளீச் படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். குளியலறையில் ஒரே நாளில் இரண்டையும் பயன்படுத்தாதீர்கள். பளிங்குக் கல் தரையிலும் அமிலத்தைச் சிந்த விடாதீர்கள். பளிங்கும் சுண்ணாம்புதான், தரையே கரையும்.

ஷவர் தலையைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் தலை அதில் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி ஒரு மணி நேரம் விட்டால் அடைத்த துளையெல்லாம் திறந்துகொள்ளும். அயர்ன் பாக்ஸுக்குள் மட்டும் நான் அமிலம் ஊற்றுவதில்லை. பல கம்பெனிகள் அதைக் கூடாது என்றே கையேட்டில் எழுதுகின்றன. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து ஊற்றுகிறேன். அது வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் என்று லேபிளில் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்திலேயே பேட்டரி அமிலமும் வைத்திருப்பார்கள்.

துணி துவைக்கும் மெஷினில் இரண்டு பிரச்சினை. ஒன்று உள்ளே இருக்கும் எலிமென்ட், கீசர் கதைதான். மற்றது துணி. துண்டு காய்ந்தால் அட்டை மாதிரி நிற்கும். வேட்டியும் பள்ளிச் சட்டையும் வெளுப்பு போய்ச் சாம்பல் நிறமாகும். சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிறது, அது நூலில் ஒட்டிக்கொள்கிறது. பொடியை இரண்டு மடங்கு போட்டேன், பிசுக்குதான் அதிகமானது. பிறகு, மென்மையாக்கும் கருவி வைக்கும் வரை, பொடியின் அட்டையில் கடினநீருக்கு என்று போட்டிருக்கும் அளவு, அதோடு இரண்டு கரண்டி வாஷிங் சோடா. மாதம் ஒரு தடவை 100 கிராம் சிட்ரிக் அமிலத்தை டிரம்மில் போட்டு, துணியில்லாமல் 60 டிகிரியில் ஓட்டிவிடுவேன். தண்ணீர் நுழையும் குழாயின் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும். அதையும் கழற்றிக் கழுவுங்கள். மெஷின் தண்ணீர் எடுக்கவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் பல வீடுகளில் அடைப்பு அந்த வலையில்தான். பாத்திரம் கழுவும் மெஷின் வைத்திருப்பவர்கள் அதற்கென்று விற்கும் கல் உப்பை மட்டும் போடுங்கள். சமையல் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் உள்ளே அடைத்துக்கொள்ளும்.

தலைமுடிக்கு என் பாட்டி வழிதான். உப்புத் தண்ணியில் குளித்த ஊரில் சீயக்காய் ஏன் நின்றது என்று இப்போது புரிகிறது. சோப்பு மாதிரி அது கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காவதில்லை.

கடைசியில் மென்மையாக்கும் கருவி வைத்தோம். பிசின் மணிகள் நிறைந்த ஒரு சிலிண்டர். தண்ணீர் அதன் வழியே போகும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புத் தண்ணீரால் கழுவிப் புதுப்பித்துக்கொள்ளும். முழு வீட்டுக்கும் போடச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கீசருக்கும் துணி மெஷினுக்கும் போகும் குழாயில் மட்டும் போடச் சொன்னேன். தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் மென்மையான தண்ணீர் எதற்கு? குடிக்கிற குழாயை விட்டதற்கு வேறு காரணம் உண்டு. கடினத்தன்மை 100 மி.கி. குறைந்தால் சோடியம் 46 மி.கி. கூடும். எங்கள் தண்ணீரில் அது லிட்டருக்குச் சுமார் 124 மி.கி. என் மாமியாருக்கு இரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் சொல்லியிருக்கிறார். "அப்போ இந்தக் குழாய்த் தண்ணிய நான் குடிக்கலாமா?" என்று அத்தை பயந்து கேட்டார். "தாராளமா குடிங்க அத்தை, கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்கு வேணும்கிற சத்துதான்" என்றேன். கடினநீர் கெடுதல் செய்வது பாத்திரத்துக்கும் மெஷினுக்கும்தான். உலகச் சுகாதார நிறுவனமும் உடல்நலத்துக்காக இதற்கென்று எல்லை எதுவும் வைக்கவில்லை.

25 கிலோ உப்பு மூட்டை ஒன்று மூன்று, மூன்றரை மாதம் வருகிறது. கழுவிய உப்புத் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போக வேண்டும். செடிக்கு விட்டால் செடி கருகும். இன்னொன்று, மென்மையான தண்ணீர் கீசர் தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடக்கூடும். தொட்டி துருப்பிடிக்காமல் தன்னைக் கொடுத்துக் காக்கும் கம்பி அது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பருப்புக்கு எந்தக் கருவியும் வாங்கவில்லை. முதல் நாள் இரவே கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஒரு செம்பில் மூடி வைப்பேன். சுண்ணாம்பில் நல்ல பங்கு கொதியிலேயே பிரிந்து அடியில் தங்கிவிடும். காலையில் கலக்காமல் மேலாக ஊற்றிப் பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வேகவைத்தால் ஐந்து விசில். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டாலும் வேகும், ஆனால் பருப்பில் இருக்கும் பி1 வைட்டமின் அழிந்துவிடும் என்பதால் நான் போடுவதில்லை. மழைக்காலத்தில், அக்டோபரிலிருந்து மார்ச் வரை, கூரைத் தண்ணீரைத் தனி ஜோஜோவில் பிடித்துக்கொள்கிறோம். சமையலுக்கு இல்லை, துணிக்கும் விளக்குத் தேய்க்கவும். குத்துவிளக்கு காய்ந்த பிறகு ஒரு வெள்ளைப் புள்ளிகூட இருக்காது.

போன ஆகஸ்டில் அதே பிளம்பரைக் கூப்பிட்டுக் கீசரைத் திறக்கச் சொன்னேன். எலிமென்ட் இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. மேலே நகத்தால் சுரண்டினால் வரும் அளவுக்கு ஒரு பூச்சு, அவ்வளவுதான். தொட்டிக்கு அடியில் கை விட்டுத் துழாவி இரண்டு சில்லு எடுத்தார், பழையவையாகத்தான் இருக்க வேண்டும். மகள் ஓடிவந்து அவற்றை வாங்கிக்கொண்டு ஆயா வீட்டுப் படிக்குப் போய்விட்டாள். பிளம்பர் புது வாஷர் போட்டு மூடி, கீசரின் பக்கவாட்டில் மார்க்கரால் தேதியை எழுதிவிட்டு இறங்கினார்.